மெக்கானிக் பெயரில் வகுப்புக்குப் போன என் மகள்

ஆண்டவருடைய பிள்ளைகளே, எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் என் மகளையே இழக்கப் பார்த்தேன். அவர் காப்பாற்றிக் கொடுத்தார். அதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

கொரோனாவால் பள்ளிகளை மூடிய ஆண்டு. என் மகள் பெனிட்டா ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். பாடமெல்லாம் செல்போனில். ரெட்டியார்பாளையத்தில் டூவீலர் மெக்கானிக்காக இருக்கும் என் கணவர் தன் பழைய போனை அவளுக்குக் கொடுத்தார். நான் சேதராப்பட்டு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவேன். போன் இருக்கிறது, பிள்ளை படிக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஜூலைக் கடைசியில் ஒரு காலை அந்தப் போனில் வகுப்பு டீச்சர் பேசினார். "பெனிட்டா ஒரு நாள் கூட கிளாசுக்கு வரல. இப்படியே போனா பேர எடுத்துடுவாங்கம்மா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இவ்ளோ நாளா போன வச்சிக்கிட்டு என்னாடி பண்ண? இனிமே மூஞ்சில முழிக்காத!" என்று கத்திவிட்டு வேலைக்கு ஓடினேன்.

மாலை நான்கு மணிக்கு வந்தால் வீடு திறந்து கிடந்தது. போன் மேசையில். பெனிட்டா இல்லை. பக்கத்து வீடுகளில் இல்லை. கணவரின் ஒர்க் ஷாப்பில் இல்லை. காலையில் சொன்னது காதிலேயே நின்றது.

என்னோடு வீட்டுக்கு வந்த கணவர் வாசலில் வண்டியைக் கிளப்பிவிட்டு, "ஏறு, தேடலாம்" என்றார். நான் ஏறவில்லை. அங்கேயே முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, தப்பு என்னுது. அவள மட்டும் கண்ணுல காட்டு." வேறு ஜெபம் வரவில்லை.

மேசைமேல் போன் அடித்தது. அதே டீச்சர்.

"பதறாதீங்கம்மா. புக்கு குடுக்க இன்னைக்கு ஸ்கூலுக்கு வந்தோம். உங்க பொண்ணு யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு கேட்டுகிட்ட நிக்கிறா. 'நான் மெக்கானிக் இல்ல மிஸ், பெனிட்டா'ன்னு அழுவுறா."

போனில் கணவர் 'அருள் மெக்கானிக்' என்று பெயர் வைத்திருந்தார். ஆன்லைன் வகுப்பில் அவள் சேரும்போதெல்லாம் திரையில் அந்தப் பெயர்தான் தெரிந்திருக்கிறது. யாரோ வெளியாள் என்று டீச்சர் ஒவ்வொரு நாளும் அவளை நீக்கியிருக்கிறார். முதல் நாளே அந்தப் பெயரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். யாரும் முகம் பார்த்திராத பிள்ளை, நான்தான் என்று சொல்லக் கூசியிருக்கிறாள். நான் வண்டியேறியிருந்தால் அந்த அழைப்பை எடுக்க வீட்டில் ஆள் இருந்திருக்காது.

அப்போதே போய் அவளைக் கூட்டி வந்தோம். மறுநாள் போனில் பெயரை மாற்றி, லீவு போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீச்சர் முதலில் அவள் பெயரைத்தான் வாசித்தார். "உள்ளேன் மிஸ்" என்றாள். "ஹாய் பெனிட்டா!" என்று அத்தனை பிள்ளைகளும் கத்தினார்கள். நான் அழுதேன்.

இப்போது நான் மார்க் கேட்டு ஆரம்பிப்பதில்லை. "இன்னைக்கு உன்ன யாரு பேர் சொல்லிக் கூப்ட்டாங்க?" என்றுதான் கேட்கிறேன். பிள்ளையை நினைத்துக் கலங்குகிறவர்களே, முதலில் முழங்காலில் நில்லுங்கள். உங்கள் பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியும்.