கரண்டிக்கு மாறிய மனிதர்

நான் முதுகெலும்பு அறுவை மருத்துவர் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாண வீட்டில்கூட யாராவது பந்தியிலிருந்து எழுந்து வந்து முதுகைக் காட்டுவார்கள். "இங்கதான் டாக்டர், இங்க அமுக்குனா சுரீர்னு இருக்கு." நானும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அமுக்கிப் பார்ப்பேன். எனக்கு இந்த வேலை பிடிக்கும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் மருந்து நடை. அது யாருக்கும் பிடிப்பதில்லை. கத்தி எடுக்காமல் அனுப்பிவைக்கும் டாக்டரை நம் ஆட்கள் அரைகுறை என்றே நினைக்கிறார்கள்.

திருச்சியில் படித்து, எலும்பு சிகிச்சையில் மேல்படிப்பும் முடித்துவிட்டு லண்டன் வந்தேன். வந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். தேர்வு எழுதினேன், இரவு ஷிப்ட் பார்த்தேன், பெரிய டாக்டர்கள் அறுக்கும்போது சதையை விலக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றேன். வார்டில் நான் உள்ளே நுழைந்தால் "நர்ஸ், கொஞ்சம் தண்ணி" என்பார்கள். தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு உங்க முதுகைத் திறக்கப்போறது நான்தான்" என்பேன். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

தண்டுவடத்தின் மேல் ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அதை ஒட்டியிருக்கும் எலும்பைச் சின்ன டிரில்லால் தேய்த்து எடுக்க வேண்டும், உறை கிழியக்கூடாது. இதற்கு முட்டையில் பழகுவோம். பச்சை முட்டையின் ஓட்டைத் தேய்த்துத் தேய்த்து எடுத்து, உள்ளே இருக்கும் சவ்வைக் கிழிக்காமல் விட வேண்டும். ஈஸ்ட்ஹாமில் அப்போது இருந்த சின்ன ஃபிளாட்டில், சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்துப் பழகினேன். கிழிந்த முட்டைகளெல்லாம் ஆம்லெட் ஆயின. ஒரு குளிர்காலம் முழுக்க என் கணவர் மூன்று வேளையும் ஆம்லெட் சாப்பிட்டார். கடைசியில், "நீ சீக்கிரம் கத்துக்கோ, இல்லைன்னா என்னை டைவர்ஸ் பண்ணிடு" என்றார். கற்றுக்கொண்டேன்.

இத்தனை கற்றும், சில வருஷங்களுக்கு முன்பு ஒருவரிடம் கோட்டை விட்டேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. லண்டனில் அப்டன் பார்க் பகுதியில் மளிகைக் கடை வைத்திருந்தார். முப்பது வருஷமாக அரிசி மூட்டை தூக்கிய உடம்பு. நான் தமிழ் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது, எனக்கும்தான். இடுப்பு நோவு, கால் பலமில்லை என்றார். "கால் சொல்வழி கேக்குதில்லை டொக்டர். படி இறங்கேக்க பயமாக் கிடக்கு." இடுப்பு ஸ்கேனை ஏற்கெனவே எடுத்து அனுப்பியிருந்தார்கள். நரம்பு போகும் வழி நன்றாகச் சுருங்கியிருந்தது. அவர் சொன்னதற்கும் படத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

கைகளைப் பற்றியும் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் படிவத்திலேயே இருக்கிறது: கத்தி, முள்கரண்டி, கரண்டி பிடிப்பதில் சிரமம் உண்டா? பட்டன் போடுவதில்? அதை அப்படியே தமிழாக்கிக் கேட்டேன். "கரண்டியாலதானே சாப்பிடுறன். ஒரு பிரச்சினையும் இல்லை டொக்டர்" என்றார். பட்டனுக்கும் இல்லை என்றே தலையாட்டினார். அவர் போட்டிருந்தது பட்டன் இல்லாத ஸ்வெட்டர் என்பது எனக்கு உறைக்கவில்லை. இல்லை, இல்லை என்று டிக் அடித்தேன். பிறகு திருச்சி மலைக்கோட்டையைப் பற்றிப் பேசினோம்; இளவயதில் சில மாதம் அங்கே தங்கியிருந்தாராம். பேச்சு சுவாரசியத்தில், நரம்பைச் சோதிக்கக் கையில் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டியதைத் தட்டாமலேயே விட்டேன். இடுப்பு அறுவைக்கு அவர் பெயரைப் பட்டியலில் ஏற்றினேன்.

அறுவைக்கு முந்தின வாரம், சம்மதக் கையெழுத்து வாங்குவதற்காக அவரை வரச் சொன்னேன். இந்தத் தடவை மனைவியும் வந்தார். முன்பு கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் வரவில்லையாம். பச்சைக் கோட்டு, கையில் பெரிய பை, உட்காருவதற்குள்ளேயே பேச்சு. வீட்டில் மாடிப்படி எத்தனை, குளியலறை எங்கே, யார் சமைப்பது என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"சமைக்கிறது நான் பிள்ளை, சாப்பிடுறது இவர். அதுவும் இப்ப துரை கரண்டியாலதான் சாப்பிடுவார்" என்றார் அந்த அம்மா. "இஞ்ச பிறந்த பிள்ளையளே கையால குழைச்சுச் சாப்பிடுதுகள். இவர் முப்பது வருஷத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் ஆகிட்டார். கடையில எல்லாரும் சிரிக்கினம்."

நானும் சிரித்தேன். நானே ஆஸ்பத்திரி கேன்டீனில் தயிர்சாதத்தைக் கரண்டியால் தின்பவள்தான். அவர் மட்டும் சிரிக்கவில்லை. வலது கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தேன்.

"எப்போலேர்ந்து அண்ணா?"

"அது... தைப்பொங்கலுக்குப் பிறகு."

"ஏன் மாறினீங்க?"

"சோறு விரலுக்குள்ளால போகுது. குழைக்கலாம், திரட்டேலாது. வாய்க்குக் கொண்டுபோக முதல் பாதி மடியில. பேரப்பிள்ளையளுக்கு முன்னால வெக்கமாக் கிடந்தது."

அந்த அம்மா திரும்பி அவர் கோட்டுப் பையைப் பார்த்தார்.

கைகளை நீட்டச் சொன்னேன். வலது சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் விலகி நின்றது. வேகமாக மூடித் திறக்கச் சொன்னேன். பிசைந்த மாவுக்குள் கைவிட்டவர் போல மெதுவாகத்தான் திறந்தார். நடுவிரல் நகத்தைச் சுண்டினால் சாதாரணமாக ஒன்றும் நடக்காது. அவருக்குக் கட்டைவிரல் துள்ளியது. மேலே, கழுத்துக்குள், தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். கால் சொன்னபடி கேட்காததற்கும் முக்கியக் காரணம் அதுதான். இடுப்புப் படம் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னது. அன்றைக்கே கழுத்து ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்து, மறுநாள் படத்தைப் பார்த்தேன். இரண்டு எலும்புகளுக்கு நடுவே தண்டுவடம் நாடா மாதிரி சப்பிப்போயிருந்தது. அப்படியே மயக்க மருந்து கொடுத்து, இடுப்புக்காகக் குப்புறப் படுக்கவைத்திருந்தால் அந்தக் கழுத்து தாங்கியிருக்குமா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இருவரையும் மறுபடி வரவழைத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "முதல் தடவையே நான் உங்க கையைச் சரியாப் பரிசோதிச்சிருக்கணும். செய்யலை. தப்பு என்னோடது. இடுப்பு ஆபரேஷன் இப்போ வேண்டாம். கழுத்துலதான் செய்யணும், அதுவும் சீக்கிரம். தள்ளிப்போட்டா ரெண்டு கையும் போயிடும், நடையும் போயிடும்."

"செய்தால் கை திரும்பி வருமோ?"

"சத்தியம் பண்ண மாட்டேன். மேற்கொண்டு மோசமாகாம நிறுத்தத்தான் இந்த ஆபரேஷன். போனது கொஞ்சம் திரும்பலாம். திரும்பாமலும் இருக்கலாம்."

அந்த அம்மா அழத் தொடங்கினார். "நான் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சனே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் சிரித்தேனே என்று சொல்ல வாயெடுத்து, அது அவருக்கு எந்த விதத்திலும் ஆறுதலாகாது என்று விட்டுவிட்டேன். கடைக்காரரோ மனைவியைத் தேற்றவில்லை, என்னையும் திட்டவில்லை. நிதானமாக, மரியாதை குறையாமல் கேட்டார்: "குறை நினைக்காதையுங்கோ டொக்டர். ஒரு வெள்ளைக்கார டொக்டரிட்டயும் ஒருக்காக் கேட்டுப் பாப்பமோ?"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. படிப்பு, ஷிப்ட், அத்தனை முட்டைகள், என் கணவரின் ஆம்லெட் குளிர்காலம், எல்லாம் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தன. என் தோல் நிறத்தில் இல்லாத ஒரு குறையை, என் தோல் நிறமுள்ளவர் கண்டுபிடிக்கிறார் என்று பட்டது. ஒரு வாரம் முன்பு கேட்டிருந்தால் வெடுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் மனிதர் கேட்டதில் நியாயம் இருந்தது. இடுப்பு என்று சொன்ன அதே வாய் இப்போது கழுத்து என்கிறது. கத்தி வைக்கப்போவது அவர் கழுத்தில். என் நிறத்தை அவர் கேள்வி கேட்கவில்லை, என் கவனத்தைத்தான் கேட்டார். அதைச் சொல்ல வேறு வார்த்தை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"தாராளமா அண்ணா" என்றேன். அவர் எதிரிலேயே போனை எடுத்து, வேறு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் வெள்ளைக்கார டாக்டர் நண்பரிடம் பேசி, அந்த வாரத்துக்குள்ளேயே நேரம் வாங்கினேன். நான் விட்டதையும் மறைக்காமல் கடிதத்தில் எழுதினேன். அதை எழுதும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. அனுப்பிய பிறகு வந்த நிம்மதி, வீட்டுக்குப் போகும் ரயிலில் நன்றாகத் தூங்கவைத்தது.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் சொன்னார்: "அவரும் கழுத்து எண்டுதான் சொல்லுறார். நல்ல மனிசன். ஆனால் அடிக்கொருக்கா மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு கதைச்சவர். நீங்களே செய்யுங்கோ."

"இவ்வளவுதானா காரணம்?" என்று கேட்டுவிட்டேன்.

"பிழை விட்டால் சொல்லுறீங்கள். அது காணும்." யாழ்ப்பாணத்தில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம்.

படிவத்தில் அவர் கையெழுத்துப் போட வெகுநேரம் ஆனது. பேனாவை முஷ்டியில் பிடித்து எழுதினார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுவை ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கழுத்தின் முன்பக்கம் சின்னதாக வெட்டி, உணவுக்குழாயை ஓரமாக விலக்கினால் எலும்பு வரும். மைக்ரோஸ்கோப்பின் கீழே டிரில் ஓடத் தொடங்கிவிட்டால் எனக்கு வெளியுலகமே இல்லை. கோபம், வெட்கம் எதுவும் அந்த வட்டத்துக்குள் வராது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கடைசி எலும்புத் தகட்டைக் கொக்கியால் தூக்கியதும் வெள்ளை உறை மேலே எழுந்து மெல்லத் துடித்தது. என் தொழிலில் இதைவிட அழகான காட்சி கிடையாது. எத்தனை தடவை பார்த்தாலும் மாஸ்க்குக்குள் சிரித்துவிடுவேன்.

ஆறு வாரம் கழித்து வந்தபோது நடை தேறியிருந்தது. கம்பியைப் பிடிக்காமல் படி இறங்குகிறாராம். கையைப் பற்றிக் கேட்டேன். "பரவாயில்லை டொக்டர்" என்றார். எனக்கு அந்தப் பரவாயில்லையைத் தெரியும். டாக்டர் மனம் நோகக்கூடாது என்பதற்காக நம் ஆட்கள் சொல்வது. மூடித் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். முன்பைவிடத் துளிதான் வேகம். அந்த அம்மா பேசவே இல்லை. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கைப் பயிற்சிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். நரம்புக்கு அவசரம் தெரியாது, பொறுத்திருங்கள் என்றேன். அதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் ஓடியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பில் இருந்தேன். ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்கி, மூச்சு வாங்க மேடேறி முருகன் கோயிலுக்குப் போனேன். மதியப் பூஜை முடிந்து அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. தட்டில் சோறும் குழம்பும் வாங்கிக்கொண்டு இடம் தேடியபோது பச்சைக் கோட்டு கண்ணில் பட்டது. பக்கத்தில் அவர். இருவரும் எனக்கு முதுகைப் பாதி காட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள். போய்ப் பேசலாம் என்று ஓரடி வைத்தவள் நின்றுவிட்டேன். அவர் வலது கை தட்டில் இருந்தது.

மெதுவாகத்தான் குழைத்தார். சுண்டுவிரல் இன்னும் கொஞ்சம் விலகியே நின்றது. மற்ற விரல்கள் சோற்றை ஓரமாக ஒதுக்கின, திரட்டின, தூக்கின. இரண்டு பருக்கை விழுந்தது. மிச்சமெல்லாம் வாய்க்குள் போனது. அந்த அம்மா தன் தட்டைத் தொடவே இல்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். நான் தட்டைப் பிடித்தபடி போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

அவர் மென்று விழுங்கிவிட்டு மனைவி பக்கம் சாய்ந்தார். "இஞ்சாரும், குழம்புக்கு உப்புக் காணாது."

"கோயில்ல இருந்துகொண்டு குறை சொல்லாதையுங்கோ" என்று அந்த அம்மா அதட்டினார். அதட்டிக்கொண்டே கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார்.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. உப்பு சரியாகத்தான் இருந்தது.