மலையடிவாரக் கிணற்றில் இறங்கிய பெண்கள்

டெல்லியை விட்டுக் கிளம்பும்போது எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அங்கே போய் நீ என்ன செய்வாய்? என் கணவருக்கு வேலை தயாராக இருந்தது. அவர் கால்நடை மருத்துவர். நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழித் தீவன ஆலை தன் பரிசோதனைக்கூடத்துக்கு அவரை அழைத்திருந்தது. மகனும் படிப்பை முடித்து வேறு ஊருக்குப் போய்விட்டான். நான் மட்டும் ஒரு பள்ளியில் நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் பிறந்து, கல்யாணமாகி டெல்லிக்குப் போய், பாதி ஆயுளை குளோரின் வாசனையில் கழித்தவள். தண்ணீர் இருக்கிற இடத்தில் எனக்கு வேலை இருக்கும் என்று பதில் சொன்னேன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

சாமான்களை ஏற்ற வந்தது நாமக்கல் லாரி. பஞ்சாபில் சரக்கை இறக்கிவிட்டு, ஊருக்குத் திரும்ப லோடு தேடிக்கொண்டிருந்த வண்டி. ஓட்டுநர் முகவரியைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார்.

"நம்மூருக்கா வாரீங்க? எல்லாரும் அங்கிருந்து இங்கதானுங்க வருவாங்க" என்றார்.

மலையை ஒட்டின வீடு என்றால் குரங்குக்குப் பயந்து அடுக்களை ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஊரைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் யோசனை அது. அதைக் கேட்காமல் இரண்டு சீப்பு வாழைப்பழத்தையும் ஒரு பாக்கெட் சப்பாத்தி மாவையும் முதல் வாரத்திலேயே இழந்தோம்.

ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் இடையில், போதமலையின் அடிவாரத்தில் இருந்தது எங்கள் ஊர். நாமக்கல்லிலேயே வீடு பார்த்திருக்கலாம். கணவருக்கு இனிமேல் நெரிசலில் இருக்க மனமில்லை. தெருவின் கடைசி வீடு எங்களுடையது. அதற்குப் பின்னால் மரவள்ளிக் காடு, அதைத் தாண்டிப் பாறை, பாறைக்கு மேலே காடு. பகலெல்லாம் முன்பக்கத்து வீடுகளில் விசைத்தறிகள் ஓடும். சாயங்காலம் தறி நின்றதும் பின்பக்கத்திலிருந்து மயில்கள் ஆரம்பிக்கும். அந்த இரண்டு சத்தமும் எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டன. தண்ணீர்தான் இல்லை. சேலத்தில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. பஸ் மாறிப் போய் வந்தால் அரை நாள் போய்விடும். கொஞ்ச நாள் போனேன், பிறகு விட்டுவிட்டேன். தோள் இறுகத் தொடங்கியது. சும்மா இருந்தால் என் உடம்பு என்னிடம் கோபித்துக்கொள்ளும்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலை நடக்கப் போனபோதுதான் அந்தக் கிணற்றைப் பார்த்தேன். மலைக்கு முந்தின கடைசித் தோட்டத்தில் பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறு. ஒரு வீட்டையே உள்ளே வைத்துவிடலாம், அவ்வளவு அகலம். மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர், படி இறங்குகிற நாலாவது பக்கம் திறந்து கிடந்தது. விளிம்பில் நின்ற மரத்திலிருந்து தூக்கணாங்குருவிக் கூடுகள் தண்ணீருக்கு மேலே தொங்கின. தண்ணீர் பாதிப் படி வரை ஏறி, பச்சையாக, அசையாமல் நின்றது. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பின்னாலிருந்து ஒரு குரல், ஆரைப் பாக்குறீங்க என்று கேட்டது.

தோட்டத்துக்காரம்மா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தலையில் துண்டும் கையில் மண்வெட்டியுமாக நின்றார். அவர் வீட்டுக்காரர் போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்து சத்தீஸ்கரில் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே மழை பெய்கிற ஆடி ஆவணியில்தான் ஊருக்கு வருவார். மரவள்ளி, பாக்கு, மாடுகள் எல்லாமே அக்காவின் பொறுப்பு. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தக் கிணற்றில் நான் நீந்தலாமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆம்பளைப் பையன்கள் வந்து குதிப்பார்கள், பொம்பளைகள் இறங்குவதில்லை என்றார். இறங்கக் கூடாது என்று யார் சொன்னது என்று கேட்டேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார்.

"ஆரும் சொல்லலீங்க. எறங்குனதில்ல, அவ்வளவுதான்."

மறுநாள் முழுக்கை வைத்த நீச்சல் உடையின் மேல் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். படியில் நின்று தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, ஆழம் விசாரித்து, மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் குதித்தேன். மேலே ஒரு முழம் வரை வெதுவெதுப்பு, அதற்குக் கீழே மலையின் குளிர். குளத்தில் நீந்துகிறவர்களுக்கு அடியில் பதித்த நீல ஓடுகளும் கோடுகளும் தெரியும். இங்கே அடியில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் எனக்குப் பயம் வரவில்லை. தண்ணீர் என்னைத் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். எழுந்து முகத்தைத் துடைத்தபோது அக்கா துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மேல்படியில் நின்றிருந்தார். நான் நாலு சுற்று சுற்றிவிட்டு ஏறிய பிறகுதான் துண்டை விட்டார்.

அதற்குப் பிறகு தினமும் போனேன். ஊரில் பேசிக்கொள்ளத்தான் செய்தார்கள். டெல்லிக்காரம்மா கிணற்றில் குதிக்கிறாள் என்று மளிகைக்கடையில் என் முன்னாலேயே ஒருவர் சொன்னார். ஆமாம், காலை ஏழு மணிக்கு, உங்கள் வீட்டுப் பெண்களையும் அனுப்புங்கள் என்றேன். அவர் பருப்பை நிறுப்பதில் மும்முரமாகிவிட்டார்.

கார்த்திகை முடிவதற்குள் அக்காவே கேட்டார். நான் படியில் உட்கார்ந்து தலையைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மோட்டாரு தண்ணி எடுக்கலீன்னா கொழா அடியில இருக்கற புட்வால்வுல எல அடச்சிருக்குமுங்க. ஆராச்சும் ஆம்பளயாளு வந்து முழுகி எடுத்தாத்தான் உண்டு. அதுவரைக்கும் காஞ்ச பயிரப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். என்ற தோட்டம், என்ற கெணறு. எனக்கு வருமுங்களா?"

வரும் என்றேன். நாலு வயதுக் குழந்தைக்கும் அறுபது வயது அதிகாரிக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் நைட்டியில் இறங்கக் கூடாது, அது குடை மாதிரி விரிந்து ஆளை இழுத்துவிடும் என்றேன். தன் மகளின் பழைய சுடிதாரைத் தேடி எடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டு வந்தார். பஞ்சர் கடையிலிருந்து ஒரு லாரி ட்யூபும் வந்தது.

மண்வெட்டி பிடிக்கிற கை என்பதால் பலத்துக்குக் குறைவில்லை. பயம்தான் அதைவிடப் பலமாக இருந்தது. முகத்தைத் தண்ணீரில் வைத்து ஊதவே ஒரு வாரம் ஆனது. படியை விடு என்றால் என் கையைப் பிடிப்பார், கையை விடு என்றால் படியைப் பிடிப்பார். ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. மார்கழிக் குளிரில்கூட, பால் கறந்து சொசைட்டிக்குக் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து நிற்பார். பொங்கலுக்குள் ட்யூபுக்குள் உடம்பை விட்டுக்கொண்டு கிணற்றை முழுதாகச் சுற்றினார். அதற்குள் எங்கள் தெருவில் தறி ஓட்டுகிற ஒரு பெண்ணும் வந்து சேர்ந்துகொண்டாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வார விடுமுறையான ஞாயிறு காலையில் மட்டும் வருவாள். அக்காவுக்கு என்னைத் தவிர வேறு ஆள் வந்தது பிடித்திருந்தது. தனக்குத் தெரிந்த கொஞ்சத்தையும் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

மாசியில் மலை காய்ந்துவிட்டது. பாறைகளுக்கு இடையில் புல் பழுப்பாகத் தெரிந்தது. ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரம், நாங்கள் மூன்று பேரும் முழுகிய படியில், மார்பளவுத் தண்ணீரில் இருந்தோம். மேலே அக்காவின் நாய் ஒருமுறை குரைத்தது, பிறகு ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ பெரிய பாத்திரத்தை உறிஞ்சிக் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம். கிணற்றுக்கு மேலே, படியை ஒட்டி மாடுகளுக்காக ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. மாடு அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்து நான் நிமிர்ந்து பார்த்தேன்.

முதலில் கால்கள்தான் தெரிந்தன. முழங்கால் வரை வெள்ளை, அதற்கு மேல் கறுப்பு. பிறகு அந்த உடம்பு. திறந்து கிடந்த பக்கத்தில், விளிம்பிலேயே நின்றுகொண்டு காட்டுமாடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தறிக்காரப் பெண் அதைப் பார்த்ததும் படியேறத் திரும்பினாள். அக்கா அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தம் போடாத கண்ணு. அது மெரண்டா உள்ள உழுந்துரும்" என்று மிகவும் மெதுவாகச் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது எங்களை முட்ட வரும் என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் உண்மையான ஆபத்து அது அல்ல. அதன் குளம்புக்குக் கீழே மண் உதிர்ந்து படிமேல் விழுந்துகொண்டிருந்தது. அது சரிந்தால் படியோடு எங்கள் மேல்தான் விழும். எதிர்மூலைக்குப் போக வேண்டும் என்று அக்கா கண்ணாலேயே காட்டினார். அந்த மூலையில் படி இல்லை, பிடிக்க ஒன்றும் இல்லை. வழவழவென்று வெட்டின பாறை, கிணற்றிலேயே ஆழமான இடம்.

தண்ணீர் அலம்பாமல் போக வேண்டும், கையைத் தண்ணீருக்குள்ளேயே வையுங்கள் என்று நான் காதருகில் சொன்னேன். தறிக்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் மிதக்க வரவில்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ட்யூப், அது அக்காவின் இடுப்பில் இருந்தது. நான் ஒரு ஆளை இழுத்துக்கொண்டு போகலாம், இரண்டு பேரைச் சத்தமில்லாமல் முடியாது. எப்படி என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா தலை வழியாக ட்யூபைக் கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டார். பிறகு மல்லாந்து படுத்தார். நான் சொல்லவில்லை. காது தண்ணீருக்குள் போக, கண்ணை மேலே வானத்தில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையை லேசாக அசைத்தபடி எதிர்மூலைக்குப் போனார்.

நான் ட்யூபை ஒரு கையால் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். அந்த மூலையில் மூன்று பேரும் மிதந்தோம். காட்டுமாடு அவசரப்படவில்லை. தலையைத் தூக்கி எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தது. மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதன் கண்ணில் எங்களைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. மறுபடி குனிந்து குடித்தது. ஒரு பெரிய மண்கட்டி பெயர்ந்து தண்ணீரில் விழுந்தபோது பின்வாங்கி, பெருமூச்சு மாதிரி ஒன்று விட்டு, மரவள்ளிக்குள் நுழைந்து போய்விட்டது. குச்சிகள் முறிகிற சத்தம் மலைப் பக்கம் போய் ஓய்ந்த பிறகும் நாங்கள் அப்படியே இருந்தோம்.

படிக்கு வந்து சேர்ந்ததும் தறிக்காரப் பெண் அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். சட்டென்று நிறுத்திவிட்டு எதிர்மூலையைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ட்யூபைப் பார்த்தார்.

"ஏனுங்க, நானா அங்க போனேன்?"

நீங்கள்தான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. அழுதுகொண்டிருந்தவளையும் அது தொற்றிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொம்பு எந்தப் பக்கம் வளைந்திருந்தது, திமிலுக்குக் கீழே ரோமம் உதிர்ந்திருந்ததா என்று விசாரித்தார். கால்நடை மருத்துவரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். அன்று மத்தியானம் அவரே எழுந்து சமைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வனத்துறை ஆட்கள் வந்து குளம்புத் தடத்தைப் பார்த்தார்கள். தொட்டியைக் கிணற்றிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார்கள். அக்காவின் ரிக் வண்டிக்காரருக்கு போனில் செய்தி போனது. காட்டுமாட்டைவிட, தன் மனைவி ட்யூப் இல்லாமல் மிதந்தாள் என்பதைத்தான் அவர் நம்பவில்லையாம். ஆடியில் ஊருக்கு வந்ததும் நேரே கிணற்றுக்குப் போனார். அக்கா மேல்படியிலிருந்து குதித்து, முழுகி, புட்வால்விலிருந்து ஒரு கைப்பிடி அழுகிய இலையை எடுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டார். அவர் குனிந்து அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். அந்த வாரமே கொத்தனாரைக் கூட்டிவந்து நாலாவது பக்கத்துக்கும் சுவர் எழுப்பி, படிக்கு ஒரு இரும்புக் கதவு வைத்தார். தொட்டியை மலைப் பக்கம் தூரமாக மாற்றிக் கட்டி, அதற்குத் தனியாக ஒரு பைப்பும் போட்டார். குடிக்க வருவது வந்து குடித்துவிட்டுப் போகட்டும் என்றார்.

டெல்லிப் பள்ளியிலிருந்து இடையில் ஒருமுறை கூப்பிட்டார்கள். என் இடத்துக்கு வந்தவர் விலகிவிட்டார், திரும்பி வர முடியுமா என்று கேட்டார்கள். எனக்கு இங்கே வகுப்பு இருக்கிறது என்று சொன்னேன். நீந்தத் தடம் பிரித்த குளம்தானே, எத்தனை லேன் என்று கேட்டார்கள். லேன் இல்லை, நல்ல ஆழம் உண்டு என்றேன்.

இந்த ஐப்பசியில் கிணறு நன்றாக நிறைந்திருக்கிறது. ஞாயிறு காலையில் வருகிற பெண்களுக்குப் படி போதவில்லை. வெண்ணந்தூரிலிருந்துகூட இரண்டு பேர் ஸ்கூட்டியில் வருகிறார்கள். பையன்கள் மத்தியான நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. போன வாரம் நானும் அக்காவும் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய், ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் அனுப்பச் சொல்லிக் கேட்டோம். தலைமையாசிரியை நேரில் பார்க்காமல் முடியாது என்று கிணற்றுக்கே வந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நான் பாதுகாப்புக் கயிறு, ட்யூப், எத்தனை பேருக்கு ஒரு ஆள் என்றெல்லாம் விளக்கினேன். அவர் கவனம் அதில் இல்லை. தண்ணீரின் ஓரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பாம்பு இருக்குமா என்று கேட்டார்.

நான் நாசூக்காக ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டார்.

"இருக்குதுங்க டீச்சர், தண்ணிப் பாம்புதான். நாங்க எறங்குனா அது அக்கட்டால போயிருமுங்க."

தலைமையாசிரியை சுவரிலிருந்து கையை எடுத்தார். பிறகு, பிள்ளைகளோடு தானும் வரலாமா என்று என்னைக் கேட்டார்.