கஞ்சி பூசாத மேளம்

பொங்கல் விழாவுக்குச் சுரைக்குடுக்கையில் மேளம் செய்வதென்று எங்கள் தெரு இளைஞர் மன்றத்தில் முடிவானபோது நான்தான் தலைவன். காய்ந்த குடுக்கைகளின் வாயை அறுத்து, விதையைச் சுரண்டியெடுத்து, எட்டு தயார் செய்தோம். ஆட்டுத்தோலை மட்டும் நாங்கள் தொடவில்லை. பட்டு நெய்யும் கை என்றோம். ஞாயிறு தவறாமல் எங்கள் வீடுகளில் கறி வெந்தது. அந்தக் கறியை விற்றவரின் மகளும் மன்றத்தில் இருந்தாள். அவள்தான் எட்டுத் தோலையும் மயிர் போகச் சுரண்டி, கழுவி, இழுத்துக் கட்டினாள். நாற்றம் என்று அவளை வாசலுக்கு வெளியே உட்கார வைத்தோம்.

தோல் விறைப்பாக நிற்க, தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூலுக்குப் போடுவதுபோல் அரிசிக் கஞ்சி பூசச் சொன்னேன்.

"கஞ்சி வேணாம்ணா. காஞ்சா தோலு தானா இறுகிக்கும்."

"பாவுக்குக் கஞ்சி போட்டுக்கினே வளந்தவங்க நாங்க. எங்களுக்கே சொல்லித் தர்றியா?"

எட்டில், தான் அடிப்பதற்கென்று வைத்திருந்த மேளத்துக்கு மட்டும் அவள் பூசவில்லை. மறுநாள் காலை மன்றத்தைத் திறந்தால், மற்ற ஏழின் தோலையும் எலி தின்றிருந்தது. கஞ்சிக்குத்தான் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

"கொழுப்ப ஒழுங்கா சுரண்டல. அந்த வாசனைக்குத்தான் எலி வந்துக்குது" என்று முதலில் சொன்னவன் நான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவளை மன்றத்திலிருந்து நீக்கினோம்.

மிஞ்சிய மேளத்தையாவது கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். அது மன்றத்துப் பொருள் என்றேன்.

விழா மேடையில் அதை நான்தான் அடித்தேன். கணீரென்று பேசியது. கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. வீட்டுக்குப் போனதும், உள்ளே நுழையும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.