எட்டு மாதம் திட்டாமல் இருந்தவள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மதுரைக்காரி, அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்காரரை நாலு வார்த்தை திட்டாமல் என் பொழுது விடிந்ததே இல்லை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. பதிலுக்குக் கிண்டலடித்தே என்னை அழ வைப்பார், சிரிக்கவும் வைப்பார். அமீரகத்து அல் ஐனில் பதினொரு வருஷம் அப்படித்தான் ஓடியது.

போன வருஷம் கட்டட வேலை சைட்டில் சாரத்திலிருந்து விழுந்தார். இரண்டு மாடி உயரம். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் கண் விழித்த அன்று என் மாமியார் ஊரிலிருந்து போனில் அழுதார். "இனிமே எம்புள்ளய ஒரு வார்த்தை சொல்லிராத தாயி" என்றார்.

சொல்லவில்லை. எட்டு மாதம் சொல்லவில்லை. "மாத்திரை போட்டீங்களா", "தலையணை வைக்கட்டுமா" என்று நர்ஸ் மாதிரியே பேசிக்கொண்டிருந்தேன். கால் என்ற சொல்லையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எப்படி விழுந்தார் என்ற பேச்சும் இல்லை. ஆபீஸில் கேட்டவர்களுக்கும் அவர் அம்மாவுக்கும், "சேஃப்டி பெல்ட் ஹூக் விட்டுருச்சு" என்று ஒரே பதில்தான் சொன்னார். எனக்குத் தொண்டை வரைக்கும் ஒரு கேள்வி வந்து நின்றது. கேட்டால் எங்கே போய் முடியுமோ என்று பயந்து விழுங்கிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆறாவது படிக்கிற என் மகள் ஒரு பாட்டோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். அவளுடைய மியூசிக் டீச்சர் அயர்லாந்துக்காரர். அவர் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பாடுகிற நாட்டுப்பாட்டாம். வீட்டில் இருக்கிறவர்களோடு சேர்ந்து, கைக்குக் கிடைத்ததை வைத்து வாசித்து, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். மகளிடம் குட்டி கிட்டார் மாதிரி ஒரு நாலு தந்தி உகுலேலே இருந்தது. போன வருஷம் பள்ளியில் வாங்கச் சொன்ன பிளாஸ்டிக் ரெக்கார்டர் குழலை அவள் அப்பா எடுத்துக்கொண்டார். எனக்கு வாய்த்தது காலியான ஐந்து கேலன் தண்ணீர் கேன்.

வேடிக்கையாகத்தான் இருந்தது. குழலில் அவர் ஊதிய முதல் ஊதலுக்கு பிரஷர் குக்கரோ என்று நான் அடுப்படிக்கு ஓடினேன். சின்ன வயதில் இரண்டு வருஷம் பாட்டு படித்தவள் என்பதால், டீச்சர் கொடுத்த தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ச ரி க ம என்று எழுதிக் கொடுத்தேன். அதன்பிறகு அவருக்கு விரல் படிந்தது. கேனில் எனக்கு தகிட தகிட என்று தானாகவே வந்தது. சாமி புறப்பாட்டுக்கு அடிக்கிற மாதிரி நடுநடுவே ஒரு உருட்டும் சேர்த்துக்கொண்டேன். மகள் பாடுகிற வார்த்தைகள் எனக்குப் பிடிபடவில்லை. அது பழைய காலத்து இங்கிலீஷ், அதிலும் டீச்சரின் உச்சரிப்பை அப்படியே பிடித்து வைத்திருந்தாள். மெட்டு ஜோராக இருந்ததால், ஏதோ திருவிழாப் பாட்டு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விளக்கேற்றிவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, வீடியோவுக்குத் தயாராக வந்து உட்கார்ந்தேன்.

"எந்த வரியில நான் சிரிக்கணும்? சொல்லிரு" என்று மகளைக் கேட்டேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் குழலின் ஓட்டைகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சிரிக்கிற சாங் இல்லம்மா. ஆன்ட்டி வார் சாங், சண்டையே கூடாதுங்கிற சாங்" என்றாள். "ஒரு வைஃப், வார் முடிஞ்சு வர்ற ஹஸ்பண்டை ரோட்ல பாக்குறா. அவருக்கு..." நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். "லெக்ஸ் இல்ல."

என் கை கேன் மேலேயே நின்றுவிட்டது. இரண்டு வாரமாக அதற்கா உருட்டு போட்டேன்? "விளக்கேத்துன வீட்ல பாடுற பாட்டாடி இது?" என்று கத்தினேன். போனை எடுத்து, இந்தப் பாட்டை மாற்றுங்கள், இல்லையென்றால் என் மகளை விட்டுவிடுங்கள் என்று டீச்சருக்கு அப்போதே மெயில் அனுப்பினேன். மகள் அழுதுகொண்டே உள்ளே ஓடிவிட்டாள்.

"எனக்கு மொத நாளே தெரியும்" என்றார் அவர்.

"தெரிஞ்சுமா வாசிச்சீங்க?"

"ஆமா. எனக்குப் பிடிச்சுது. அந்தப் பொம்பள பாரு, காலு எங்கய்யா, எதுக்குய்யா போனன்னு அவன் மூஞ்சிக்கு நேரா கேக்குறா. அழுதுக்கிட்டே திட்டுறா. நீ என்னையத் திட்டி எட்டு மாசமாச்சு. யார் வீட்டுலயோ விருந்தாளியா உக்காந்திருக்க மாதிரி இருக்கு." குழலை மடியில் வைத்தார். "ஏதாச்சும் கேளேன்டி."

விழுங்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"பெல்ட் ஹூக்க மாட்டுனீங்களா, இல்லையா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "மாட்டல. அஞ்சு நிமிஷ வேலைதானன்னு ஏறிட்டேன்."

"அஞ்சு நிமிஷமா? அட அறிவுகெட்ட மனுஷா! கார்ல பின்சீட்டுல உக்காந்தாக்கூட பெல்ட்டு, பெல்ட்டுன்னு என் உசுர எடுப்பீங்களே, உங்க ஒடம்ப மட்டும் என்ன இரும்புலயா செஞ்சு வச்சிருக்கு? நீங்க போயிருந்தா நானும் இவளும் எங்க போயி நிப்போம்? ஒரு நிமிஷம் எங்க நெனப்பு வந்துச்சா?" கேனை ஓங்கி ஓங்கி அடித்தேன். எட்டு மாதத்துக் கோபமும் வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. காலைச் சொன்னேன், அது போனதைச் சொன்னேன், ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்ற நிலையைச் சொன்னேன். அவர் கண்ணீர் வழிய, "இன்னும் சொல்லு" என்றார்.

மகள் கதவோரம் வந்து நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓடி வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

வீங்கிய முகத்தோடு அன்றைக்கே வீடியோ எடுத்தோம். குழல் இரண்டு இடத்தில் பிசிறடித்தது. நான் உருட்டைக் குறைத்துக்கொண்டேன். இந்தப் பாட்டை முதன்முதலில் கட்டியது யாரென்று டீச்சருக்கே தெரியாதாம். யாராக இருந்தாலும் அவருடைய நெஞ்சில் ஈரம் இருந்திருக்கிறது. துப்பாக்கி ஏந்திய ஊரிலிருந்து எத்தனையோ கடல் தாண்டி வந்து, சண்டையே பார்க்காத என் வீட்டில் அந்தப் பாட்டு உட்கார்ந்து பேசியது. அதற்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

டீச்சருக்கு இரண்டாவது மெயில் போட்டேன். முதலில் எழுதியதை மன்னித்துவிடுங்கள், பாட்டை மாற்ற வேண்டாம், ரொம்ப நன்றி என்று எழுதினேன். மறுநாள் அவரிடமிருந்து பதில் வந்தது: நன்றி எதற்கு?

என் வீட்டுக்காரர் நேற்றுத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார் என்று எழுதினேன்.