மாமிக்குக் கொடுத்த கிணற்றுத் தண்ணீர்

எனக்கு அப்போது ஒன்பது வயது. கெட்டிக்காரி, கெட்டிக்காரி என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி என்னைக் கெடுத்து வைத்திருந்தார்கள். கொழும்புக்கு வெளியே வத்தளையில் எங்கள் வீடு. அந்த ஒழுங்கையில் அரைவாசி, வடக்கே தீவிலிருக்கும் எங்கள் ஊரான இறுப்பிட்டியிலிருந்து வந்து கடை வைத்த குடும்பங்கள்தான். ஊரில் யாருக்காவது பெரிய நோய் வருத்தம் என்றால் பஸ் ஏறி நேரே எங்கள் வீடுகளுக்கு வந்துவிடுவார்கள். அப்பாவின் தமக்கையான என் மாமியும் அப்படித்தான் வந்தார்.

மாமிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். உப்புக் கூடவே கூடாது. தண்ணீரும் அளந்துதான். காலையில் அம்மா ஒரு சின்னப் போத்தலை நிரப்பி வைப்பார்; அன்றைக்கு அவ்வளவுதான். மாமி ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்.

“இதென்ன தண்ணி, ஒரே மருந்து மணம். எங்கட கிணத்து உப்புச் சவர்த் தண்ணியில ஒரு வாய் குடிச்சனெண்டால் பாதி வருத்தம் போயிடும், பிள்ளை.”

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. அடுத்த நாள் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துக் குசினிக்குள் புகுந்து, போத்தலில் அரைக் கரண்டி உப்பைப் போட்டுக் குலுக்கினேன்.

“எங்கட கிணத்துத் தண்ணி, மாமி. ஊரிலயிருந்து பஸ்ஸில குடுத்துவிட்டவை. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

மாமி ஒரு மிடறு குடித்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“ஓம், எங்கட கிணறுதான்” என்று சொல்லி மிச்சத்தையும் குடித்தார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். ஐந்து நாள் இது நடந்தது.

ஆறாம் நாள் மாமிக்கு முகமும் காலும் வீங்கி, மூச்சுவிட ஏலாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் டொக்டர், உப்புக் கொடுத்தது யார் என்று அம்மாவைப் பிடித்து ஏசினார். அம்மா விறைத்துப்போய் நின்று அழுதார். வாயைத் திறக்கத்தான் போனேன், சத்தியமாக. அதற்குள் மாமி முந்திவிட்டார்.

“அவளை ஏன் ஏசுறியள்? நான்தான் களவா ஊறுகாய் திண்டனான்.”

அப்பாவுக்கு வந்ததே கோபம்! “நாங்கள் இஞ்ச உயிரைக் குடுத்துப் பாக்கிறம், உங்களுக்கு நாக்குத்தானோ முக்கியம், அக்கா?” என்று கத்தினார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படியென்றால் என் உப்பு இல்லை, ஊறுகாய்தான்! பிறகு மெல்ல எனக்கும் கோபம் வந்தது. நான் இவ்வளவு பாடுபட்டுத் தண்ணீர் கொடுக்க, இவர் களவாகத் தின்று எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டாரே! அன்றோடு மாமியுடன் கதைப்பதை நிறுத்தினேன்.

இனி ஆஸ்பத்திரி ஏலாது, ஊருக்குப் போகவேணும் என்று மாமி அடம்பிடிக்க, எல்லோருமாக அவரை இறுப்பிட்டிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு கிழமை, ஏழு நாள்கூட அவர் இருக்கவில்லை. கடைசி நாள் ஒவ்வொருவராக ஒரு கரண்டி பால் பருக்கினார்கள். மாமி கண்ணால் என்னைத் தேடினார். அம்மா கரண்டியை என்னிடம் நீட்டினார்.

“மாட்டன். மாமி களவா ஊறுகாய் திண்டவ” என்றேன், அத்தனை பேருக்கு முன்னால்.

“ஓம் பிள்ளை, திண்டனான்” என்றார் மாமி. குரல் காற்றாகத்தான் வந்தது.

அவர் ஊறுகாயைத் தொட்டதே இல்லை, என் உப்பைத்தான் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று, பெரிய மனது பண்ணி மாமியை மன்னித்து, அந்தப் பாலைப் பருக்கினேன்.