ஆக்சிஜன் அறையில் இரண்டாவது ஆள்

நம்ப விருப்பமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது மேலகரத்தில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில்.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் முத்துச்செல்வத்துக்கு மூக்குக்குப் பின்னால் வந்த கட்டியைக் கதிர்வீச்சு கொடுத்துக் கரைத்தார்கள். கட்டி போனது. கதிர் பட்ட நரம்பு வாடி, பின்னாலேயே இடது கண்ணும் போனது. மிச்சம் வலது கண், அதுவும் மங்கல். அதையாவது காப்பாற்றத்தான் ஆக்சிஜன் சிகிச்சை. ஊரில் இதைச் சொல்லிக்கொள்வாரா? கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எதிரே வருகிற மாட்டுக்கும் விறைப்பாகத் தலையசைத்துப் போவார்.

அந்த அறை ஒரு பெரிய இரும்பு உருளை. உள்ளே நான்கு இருக்கைகள். கதவை அடைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றிவிட்டால் நினைத்த நேரத்தில் திறக்க முடியாது. அன்றைக்கு அவர் மட்டும்தான். வெளியே மைக்கில், அறையை இயக்கும் சேக் மைதீன்.

காது அடைத்தது. உஸ்ஸ்... என்று காற்று.

கூடவே எண்ணெய் வாடை.

எண்ணெய் தேய்த்தவரை உள்ளே விடவே மாட்டார்கள்; தீப்பிடித்துவிடும். ஆனால் எதிர் இருக்கையில் ஒருவன், குற்றாலத்தில் மசாஜ் முடித்து நேரே வந்தவன்போல மினுமினுவென்று உட்கார்ந்திருந்தான். சுவர் மங்கல். கதவு மங்கல். அவன் மட்டும் இமைமயிர் வரை தெளிவு.

பார்வை திரும்பிவிட்டதென்று இன்ஸ்பெக்டருக்கு ஒரே குஷி.

“ஏம்வே, எண்ணெயோட உள்ள வந்திருக்கீரு? சட்டம் தெரியாதா?”

“ஐயாவுக்கு என்னையத் தெரியுதா?”

“தெரியாம என்ன?”

“ஐயாவுக்கு எந்தக் கண்ணு நல்ல கண்ணு?”

ஒன்று போய்விட்டது என்று ஒப்புக்கொண்டால் அப்புறம் அவர் என்ன இன்ஸ்பெக்டர்?

“ரெண்டுந்தான். அதுலயும் வலது, கழுகுல்லா.”

மைக் கரகரத்தது.

“அண்ணாச்சி... யார்ட்ட பேசுதீக?”

“எதிர்ல இருக்கானே, அவன்ட்ட.”

“உள்ள நீங்க மட்டுந்தான இருக்கீக.”

அவன் எழுந்தான்.

குளிர்ந்த உள்ளங்கை ஒன்று வலது கண்ணை மூடியது.

மூடிய பிறகும்... அவன் தெரிந்தான்.

“கதவத் திறலே...”

“அழுத்தம் இறங்காமத் திறக்க முடியாது அண்ணாச்சி.”

இறங்கியது. மெதுவாக... மெதுவாக...

அவன் கையை எடுக்கவே இல்லை.

கதவு திறந்தபோது வலது கண்ணில் வெளிச்சம் இல்லை. டாக்டர் ஆதித்தன் டார்ச் அடித்துப் பார்த்தார். பெயருக்குப் பின்னால் ஒரு வரி நீளத்துக்குப் பட்டம் வைத்திருப்பவர். அவரிடம் பதில் இல்லாத கேள்வியே கிடையாது.

“வலது நரம்பும் போயிட்டு. இனி ரெண்டுலயும் ஒண்ணும் தெரியாது. நீங்க பாத்தது பிரமை.”

“இப்பவும் தெரியுதான் டாக்டர். இடதுல.”

“செத்த நரம்புலயா?” டாக்டர் சிரித்தார். “எங்க நிக்கான், சொல்லுங்க பாப்போம்.”

“உங்க பின்னால.”

டாக்டர் திரும்பவில்லை.

“உங்கள்ட்டயும் அதைத்தான் கேக்கான், எந்தக் கண்ணு நல்ல கண்ணுன்னு.”