அருணுக்குக் கொடுத்த ரிப்போர்ட்

அயர்லாந்தில் நான் எம்.எஸ். படிக்கும் இடத்தில், ஆய்வக ரிப்போர்ட்டைக் கணினியில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் "இது முழுக்க என் வேலை, யாருக்கும் கொடுக்கவில்லை" என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் அடிக்க வேண்டும். போன புதிதில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாருக்கும் கொடுக்காமல் எப்படிப் படிப்பதாம்? காட்டாங்குளத்தூரில் பி.டெக். படித்த நான்கு வருடமும், தாம்பரத்தில் ரயில் ஏறும்போதே மடியில் யாருடைய ரெக்கார்டு நோட்டாவது இருக்கும். கல்லூரிக்கு இறங்கும் பொத்தேரி வருவதற்குள் கிராஃபைத் தவிர எல்லாவற்றையும் பார்த்து எழுதி முடித்துவிடுவோம். கேட்டவருக்கு நோட்டுக் கொடுக்காதவளை, "ரொம்ப சீன் போடறா" என்று வகுப்பே ஒதுக்கிவைக்கும்.

அருண் தாம்பரத்துக்காரன், அயர்லாந்தில் எனக்கு ஒரு வருடம் ஜூனியர். "அக்கா, உங்க போன வருஷ ரிப்போர்ட்ட அனுப்புங்க, ஃபார்மேட் மட்டும் பாத்துக்கறேன்" என்றான். யோசிக்கவே இல்லை, அனுப்பிவிட்டேன். பாவி, நான் தப்பாக வைத்த தசமப் புள்ளியைக்கூட மாற்றாமல் அப்படியே ஏற்றிவிட்டான். இருவரையும் தனித்தனியாக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே கொடுப்பதும் குற்றம்தான். இரண்டு பேரையுமே நீக்கலாம் என்று விதியில் இருந்தது.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். எங்கள் கல்லூரியில் ஹெச்.ஓ.டி.யிடம் மாட்டிக்கொண்டால் வாயைத் திறக்கக் கூடாது. தலையைக் குனிந்துகொண்டால் திட்டித் தீர்த்துவிட்டு அனுப்பிவிடுவார். ஆகவே நடுவில் இருந்த அம்மாள் "ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்டபோது குனிந்தே இருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அவன் மிரட்டினானா?" என்றார். அதற்கும் அப்படியே இருந்தேன். "பயப்படாதீர்கள்" என்று டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். அப்போதுதான் உறைத்தது, என் மௌனத்தை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று. "இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் வாக்கிங் வரும் அத்தனை பேரிடமும் அப்பா என்னைப் பற்றிப் பெருமையடித்து வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. ஒரு டிஷ்யூவை எடுத்துக்கொண்டேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அருணை நீக்கிவிட்டார்கள்.

விடுமுறைக்கு வந்திருக்கும் நான், போன வாரம் தாம்பரம் பிளாட்பாரத்தில் அவனைப் பார்த்தேன். திரும்பி நடப்பதற்குள் அவனே ஓடி வந்தான்.

"அக்கா! எப்ப வந்தீங்க? நான் இப்ப பொத்தேரில ஒரு டியூஷன் சென்டர்ல கிளாஸ் எடுக்கறேன்."

"நல்லா இருக்கியா?" என்று கேட்டுவைத்தேன்.

"இருக்கேன்க்கா. நான் மெரட்டி வாங்கினேன்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க, பாத்தீங்களா? நீங்க அப்டி சொல்லியிருக்கவே மாட்டீங்கன்னு அம்மாகிட்டகூட சொன்னேன். என்னாலதான உங்களுக்கும் வார்னிங்கு. சாரிக்கா."

செங்கல்பட்டு வண்டி வந்தது. கையசைத்துவிட்டு ஏறிப் போய்விட்டான். எனக்கு என்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

திரும்பிப் போக இருபதாம் தேதிக்கு டிக்கெட் இருக்கிறது. அந்த ஆய்வகத்துக்குள் மறுபடி கால் வைக்க மனம் வரவில்லை. இங்கே இருக்கவும் முடியவில்லை. அம்மா ஏதாவது வாங்கி வரச் சொன்னால், தாம்பரம் மார்க்கெட்டில் எல்லாம் கிடைக்கும் என்று தெரிந்தும், குரோம்பேட்டைக்குப் போய்விட்டு வருகிறேன்.